உமக்காக மாற்றிய படுக்கைப்பை

ரீச்சர், இன்று காலை அலுமாரியைத் திறந்தபோது நனைந்த வாத்தின் மணம் வந்தது. மூன்று நாளாகக் கார்த்திகை மழை விடவில்லை. வீட்டில் உப்பும் ஈரம், தீப்பெட்டியும் ஈரம், கொப்பிகளும் ஈரம். சேலைகளுக்குப் பக்கத்தில் தொங்குகிற படுக்கைப்பையை எட்டிப் பிடித்து முகர்ந்து பார்த்தேன். உள்ளே இருக்கிற வாத்து இறகு ஈரத்தை வாங்கியிருந்தது. இறகு நிரப்பிய பையைச் சுருட்டி அமுக்கி வைத்தால் இறகு தட்டையாகிக் கெட்டுவிடும், தளர்வாகத் தொங்கவிட வேண்டும் என்று எங்கோ வாசித்திருந்தேன். அதனால் வாங்கிய நாள் முதல் அதைச் சட்டைக் கொழுவியில் கொழுவி வைத்திருக்கிறேன். வருடம் ஒன்றாகிறது. இதுவரை ஒருவரும் அதற்குள் படுத்ததில்லை.

வெயில் இல்லாத நாளில் அதைக் காயவைக்க வழி தெரியவில்லை. கதிரையில் விரித்துப் போட்டு விசிறியைச் சுழலவிட்டேன். பிறகு அதற்கு முன்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். செய்ய வேறு ஒன்றும் இல்லை. அதுதான் உமக்கு எழுத உட்கார்ந்தேன்.

ஒரே பாடசாலையில் இருபத்திரண்டு வருடம் நீர் புவியியலும் நான் கணிதமும் படிப்பித்தோம். நீர் என்னைவிட நாலு வயது மூப்பு. ஆனாலும் நீர் என்னை ரீச்சர் என்றீர், நான் உம்மை ரீச்சர் என்றேன், அது கடைசிவரைக்கும் மாறவில்லை. ஒருவர் பெயரை ஒருவர் சொல்லிக் கூப்பிடாத இரண்டு பேர் ஐந்து தை மாதங்களில் ஒரே கூடாரத்துக்குள் படுத்து எழும்பினார்கள் என்றால் யார் நம்புவார்கள்?

தொடக்கியது நீர்தான். பத்தாம் வகுப்புக்குச் சமவுயரக் கோடு படிப்பித்துவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்தீர். சேலையில் ஒட்டிய சோக்குத் தூளைத் தட்டிக்கொண்டே சொன்னீர்: "இருவத்தைஞ்சு வருசமா மலையைக் கோடு கோடாக் கீறிக் காட்டுறன், ரீச்சர். ஒரு மலையிலை கால் வைச்சதில்லை. எந்தப் பிள்ளையாவது எழும்பிக் கேட்டால் என்ன சொல்லுறது?"

எங்கள் பக்கத்தில் உயரமான இடம் என்றால் தண்ணீர்த் தாங்கிதான். சண்டைக் காலத்தில் மலைநாடு என்பது வரைபடத்தில் மட்டும் இருந்தது. பாதை திறந்த பிறகு எல்லோரும் வான் பிடித்து நுவரெலியாவுக்குப் போய்ப் பூந்தோட்டம் பார்த்து, பூக்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். உமக்கு வானும் வேண்டாம், ஹோட்டலும் வேண்டாம். மலையில் படுக்க வேண்டும். ஐம்பதைத் தாண்டிய இரண்டு பொம்பிளைகள் முதுகில் மூட்டையோடு பஸ் ஏறினால் பருத்தித்துறை ஊர் என்ன கதைக்கும் என்று நான் கேட்டேன்.

"கதைக்கட்டும். நாங்கள் திரும்பி வரேக்கை கதைச்சு முடிஞ்சிருக்கும்" என்றீர்.

முதல் பயணத்துக்கு நாங்கள் பார்த்த ஆயத்தத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கம். யாழ்ப்பாணத்துக் கடை ஒன்றில் இரண்டு படுக்கைப்பைகள் கிடைத்தன. தூக்கிப் பார்த்தால் ஒரு தலையணைப் பாரம். மலைக் குளிருக்கு அது போதுமா என்று கடைக்காரருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. வாழ்நாள் முழுக்க வெக்கையில் கிடந்த ஆட்கள் குளிரை எப்படிச் சோதிப்பது? ஆவணி விடுமுறை, மத்தியானம் இரண்டு மணி. உம்முடைய வீட்டு அறையில் யன்னல்களைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, இரண்டு பேரும் ஆளுக்கொரு பைக்குள் புகுந்து கழுத்துவரைக்கும் சிப்பை இழுத்துக்கொண்டோம். பத்து நிமிடத்தில் தெப்பமாக நனைந்தோம். அண்ணை கதவைத் திறந்தார். உம்முடைய கணவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். நிலத்தில் கிடந்த எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

"காணும், ரீச்சர். நான் அவிஞ்சு போனன். இது எந்த மலைக்கும் காணும்" என்று நீர் தீர்ப்புச் சொன்னீர். கணிதம் படித்த நானும் தலையை ஆட்டினேன்.

அந்தத் தை மாதம், தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு மேலே கூடாரம் அடித்தோம். விடியும்போது முதுகோடு முதுகு ஒட்டி இருந்து நடுங்கிக்கொண்டிருந்தோம். கொண்டுபோன சேலை, துவாய், சால்வை, மாற்றுச் சட்டை எல்லாம் இரண்டு பேர் உடம்பிலும் ஏறியிருந்தன. பல் அடிக்க அடிக்க நீர் கேட்டீர்: "இந்தக் குளிரை எந்தக் கோட்டிலை கீறுறது, ரீச்சர்?" பிறகு கூடாரத்துச் சீலையை விலக்கி வெளியே பார்த்தீர். கீழே மலைகள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகக் கிடந்தன. திரும்பியபோது கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குளிருக்கு அப்படித்தான் வரும் என்று சொன்னீர். நானும் ஓம் என்றேன்.

ஊருக்கு வந்தபிறகு நான் ஒரு கொப்பி போட்டேன். இந்தப் பைகளைப் பற்றி வாசிக்கக் கிடைத்ததை எல்லாம் அதில் எழுதினேன். உறையில் பெரிய எழுத்தில் போடுகிற எண், அந்தக் குளிரில் ஆள் விறைத்துச் சாகாமல் கிடக்கும் என்பதற்கான எண். நிம்மதியாக நித்திரை கொள்ளக்கூடிய குளிர் எது என்பது பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். வாங்குகிற ஆள் பார்க்க வேண்டியது சின்ன எழுத்தை. நார் அடைத்த பை பாரம், ஆனால் ஈரத்தைத் தாங்கும். இறகு அடைத்தது பாரம் குறைவு, ஆனால் நனைந்தால் ஒன்றுக்கும் உதவாது. முதுகுக்குக் கீழே நசிபடுகிற பக்கம் சூடு தராது, அதற்குத் தடித்த பாய் ஒன்று வேறாக வேண்டும். மலையில் எப்போதும் மழையும் பனிமூட்டமும் என்பதால் நார்ப் பைகளையே எடுத்தோம். ஒவ்வொன்றும் ஒன்றே முக்கால் கிலோ. உம்முடையதை முதுகில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் ஏறுவீர். நான் மூச்சு வாங்கி நின்றால், "கணக்குப் பாத்தது காணும், காலை எடுத்து வையும்" என்று மேலே நின்று சத்தம் போடுவீர்.

போன வருடம் ஆவணியில் உமக்கு வயிற்று நோ வந்தது. முதலில் வாய்வு என்றீர். பிறகு சாப்பாடு குறைந்தது. ஸ்கான் எடுத்த அன்று பின்னேரம் அண்ணை நெல்லியடிக்கு என்னுடைய வீட்டுக்கு வந்தார். உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டும் வரவில்லை. சைக்கிளைப் பிடித்தபடி படலையடியில் நின்றார்.

"ஈரல்வரைக்கும் போயிட்டுதாம், ரீச்சர். இனி வெட்டவும் ஏலாதாம். மூண்டு மாசம், மிஞ்சினால் நாலு எண்டு டொக்டர் சொல்லுறார்."

"அவவுக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"குடல் புண் எண்டு சொல்லியிருக்கிறன். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், ரீச்சர். அவவுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சால் அண்டைக்கே படுத்திடுவா. நீங்கள் வழமைபோலை வந்து கதையுங்கோ. மலைக்குப் போறதைப் பற்றிக் கதையுங்கோ."

எங்கள் ஊரில் இது புதிதல்ல. நோயின் பெயர் வருத்தக்காரரைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பக்கத்து வீட்டுக்குத் தெரியும், சந்தைக்குத் தெரியும், மருந்து எடுத்துக் கொடுக்கிறவருக்குத் தெரியும். என்னுடைய அப்பாவுக்கும் நாங்கள் அப்படித்தான் செய்தோம். அவர் கேட்கும்போதெல்லாம் வாதம் என்று சொன்னோம். ஆகவே, "ஓம் அண்ணை" என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனார். நான் படலையடியிலேயே நின்றேன்.

அடுத்த நாள் உம்மிடம் வந்தேன். கட்டிலில் சாய்ந்து இருந்தீர். என்னைக் கண்டதும் பயணக் கதையைத்தான் எடுத்தீர்.

"இந்த முறை அந்தப் படுக்கிற பாக்கை என்னாலை தூக்கேலாது போலை கிடக்கு. பாரம் குறைஞ்சது ஒண்டு பாருமன்."

உண்மையைச் சொல்கிறேன், ரீச்சர், அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. உம்முடைய ஈரலில் இருந்ததை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. பையில் ஒரு கிலோவைக் குறைக்கலாம். அன்று பின்னேரமே கொப்பியை எடுத்து, புதுப் பக்கத்தில் கோடு போட்டேன்.

முதலில் ரொறொன்ரோவில் இருக்கிற தங்கச்சியோடு கதைத்தேன். குளிர் இடத்துக்கு வேண்டும், பாரம் குறைவாக இருக்க வேண்டும் என்று இரண்டையும் சொன்னேன். அவள் குளிர் என்றதைத் தன்னுடைய ஊர்க் குளிராக எடுத்துக்கொண்டாள். கலியாண வீடு ஒன்றுக்காக வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தாள். அந்த மனுசன் தன்னுடைய சூட்கேஸில் பாதியை இதற்கே விட்டுக்கொடுத்துக் கொண்டுவந்து சேர்த்தார். பிரித்தால் அரிசி மூட்டை அளவில் ஒரு பை. நான் அதை நெல்லியடிச் சந்தைக்குத் தூக்கிக்கொண்டு போய், வெங்காயக்காரரின் தராசில் வைத்தேன்.

"உதென்ன ரீச்சர், மெத்தையோ?" என்று கேட்டார்.

"படுக்கிற பை."

"இந்த வெக்கையிலை?" என்றவர், முள்ளைப் பார்த்துவிட்டு, "மூண்டு கிலோ நூறு. வெங்காயம் எண்டால் ஒரு மாசத்துக்குக் காணும்" என்றார்.

தங்கச்சிக்கு எடுத்துச் சொன்னேன். "மைனஸ் முப்பதுக்கும் தாங்கும், அக்கா. அவ பாவம், வருத்தக்காரி. மெல்லிசாய் ஒண்டை அனுப்ப எனக்கு மனம் கேக்கேல்லை" என்றாள். அவளோடு எப்படிச் சண்டை பிடிப்பது? அந்த மூட்டையை உம்முடைய கட்டிலுக்குக் கொண்டுவந்து காட்டினேன். நீர் கையை விட்டுப் பார்த்தீர். "இதுக்குள்ளை படுத்தால் காலமை அவிச்சுக் காயவைச்ச புழுக்கொடியலாத்தான் எழும்புவம்" என்றீர். இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு உமக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. நீர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தீர். நான் தண்ணீர் எடுக்கப் போகிறேன் என்று குசினிக்குப் போய், அங்கே வெறும் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு கொழும்பில் ஒரு கடையைப் பிடித்தேன். மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடை. அவர்கள் அனுப்பிய படங்களை என்னுடைய ரெலிபோனில் உமக்குக் காட்டினேன். இனி நாரைப் பார்த்துப் பயனில்லை, இறகுதான், நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தோம். கால்பக்கம் ஒடுங்கினால் பாரம் குறையும் என்றேன். "ஒடுக்கம் வேண்டாம். நான் ஒருக்களிச்சுத்தான் படுக்கிறனான், முழங்கால் மடிக்க இடம் வேணும்" என்றீர். நோவினால் அப்போது உம்மால் இடப்பக்கம் மட்டும்தான் படுக்க முடிந்தது. நான் கொப்பியில், முழங்கால் மடிக்க அகலம், சிப் வலப்பக்கம் என்று எழுதினேன். எழுதும்போது, இதை எதற்காக எழுதுகிறேன் என்று என் கை என்னைக் கேட்டது. ஆனாலும் எழுதினேன். வடிவான எழுத்தில் எழுதினேன்.

ஐப்பசி தொடக்கத்தில் பை வந்து சேர்ந்தது. தொளாயிரத்து அறுபது கிராம். அன்று பின்னேரம் அதை உம்முடைய கட்டிலில் விரித்தேன். நீர் விரலால் தடவிப் பார்த்தீர். உம்முடைய வளையல் முழங்கைவரைக்கும் வழுகிப் போய் நின்றது. அண்ணை குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். கரண்டி கோப்பையில் படுகிற சத்தம் கேட்டது.

நீர் தலையை நிமிர்த்தி என்னை நேரே பார்த்தீர்.

"ரீச்சர், தைக்கு நான் இருப்பனோ?"

குரலில் பதற்றம் இல்லை. சும்மா வந்த கேள்வியும் இல்லை. தெரியாத ஆள் அப்படிக் கேட்காது. கனநாளாக யோசித்து, யாரிடம் கேட்பது என்று பார்த்து, அண்ணை பக்கத்தில் இல்லாத நேரம் பிடித்துக் கேட்டீர். அவரிடம் கேட்டால் அவர் உடைந்துபோவார் என்று உமக்குத் தெரியும். நான் உடைய மாட்டேன் என்று நம்பினீர். கணக்குப் போடுகிற மனுசி, விடையை மறைக்க மாட்டா என்று நினைத்திருப்பீர்.

கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. அவர் கோப்பையோடு வந்துவிடுவார் என்று பயந்தேனா, வரமாட்டாரா என்று தவித்தேனா, இப்போதும் தெரியவில்லை. பிறகு என் வாய் தன்பாட்டில் கதைத்தது.

"தையிலை அங்கை சரியான குளிர், ரீச்சர். சித்திரை லீவுக்குப் போவம். அப்ப வெதுவெதுப்பா இருக்கும்."

நீர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தீர். கோபம் இல்லை. வகுப்பில் விடை தெரியாமல் எழும்பி நிற்கிற பிள்ளையை நீர் அப்படித்தான் பார்ப்பீர். அந்தப் பிள்ளையிடம் இரண்டாம் முறை கேட்டு நீர் ஒருநாளும் வெட்கப்படுத்தியதில்லை. பையின் ஓரத்தை மெல்ல மடித்தீர்.

"அப்ப, சித்திரைக்கு இவ்வளவு சூடு தேவையில்லை. இதிலும் பாரம் குறைஞ்சது காணுமே?"

"ஓம், காணும்" என்றேன்.

"அப்ப இதை மாத்துமன்."

அண்ணை தேத்தண்ணியோடு வந்தார். மூன்று பேரும் குடித்தோம். சித்திரைக்கு மலையில் என்ன பூ பூக்கும் என்று அவர் கேட்டார். நீர் பதில் சொன்னீர்.

கடைக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டேன். அறுநூற்று நாற்பது கிராமில் ஒன்று இருக்கிறது, ஆனால் சரக்கு வர பதினாலு நாள், அதாவது இரண்டு கிழமை செல்லும் என்றார்கள். அந்த இரண்டு கிழமையும் ஒவ்வொரு பின்னேரமும் உம்மிடம் வந்தேன். பாடசாலை விட்டதும் நேரே பஸ் எடுத்து வருவேன். வந்து இருந்து, பையைப் பற்றிக் கதைப்பேன். புதுப் பை எத்தனை பாகைக் குளிருக்குச் சரி, கீழே விரிக்கிற பாயை ஊதிப் பெருக்கிற மாதிரி எடுத்தால் இன்னும் எவ்வளவு குறையும், கூடாரத்து ஆணிகளை அலுமினியத்தில் எடுக்கலாமா என்றெல்லாம் சொன்னேன். நீர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பீர். இடைக்கிடை, "ம்ம், சொல்லும்" என்பீர். ஒருநாள் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது என்னுடைய மணிக்கட்டைப் பிடித்தீர். கண் திறந்திருந்தது. வாய் எதற்கோ அசைந்தது. நான் மணிக்கூட்டைப் பார்த்து, கடைசி பஸ் போய்விடும் என்று எழும்பினேன். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. உமக்கும் அது தெரியும்.

இப்போது அந்த இரண்டு கிழமையை நினைத்தால் என்னை நானே பிடித்து உலுப்ப வேண்டும் போல இருக்கிறது. வாயைத் திறந்தால் அண்ணைக்குக் கொடுத்த வாக்கு. மூடினால் நீர். நடுவில் எனக்கு அந்தப் பை ஒன்றுதான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

சரக்கு வந்துவிட்டது, பழையதைக் கூரியரில் அனுப்பினால் புதியதைக் கூரியரில் போட்டுவிடுகிறோம் என்று கடையில் இருந்து அழைத்துச் சொன்னார்கள். "வேண்டாம், நான் நேரே வாறன்" என்றேன். தைத்திருக்கிற விதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், சிப் இறுகுகிறதா என்று இழுத்துப் பார்க்க வேண்டும் என்று அண்ணைக்குக் காரணம் சொன்னேன். அது ஒன்றும் இல்லை. நான் ஓடினேன், ரீச்சர். உமக்கு முன்னால் இருந்து இன்னொரு பின்னேரம் கிராமைப் பற்றிக் கதைக்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

போக முதல் நாள் உம்மிடம் சொன்னேன். "நாளைக்குக் கொழும்புக்குப் போறன், பாக்கை மாத்த."

உம்முடைய குரல் அப்போது காற்றாகத்தான் வந்தது. "கவனமாப் போயிட்டு வாரும்" என்றீர். அண்ணை வாசல்வரைக்கும் வந்து, "கெதியா வந்திடுங்கோ" என்றார்.

காலையில் கொடிகாமத்தில் ரயில் ஏறினேன். கடைக்குள் போகும்போது பின்னேரமாகிவிட்டது. அங்கே நின்ற பெண்பிள்ளை நல்ல பொறுமைசாலி. பையைத் தராசில் வைத்துக் காட்டினாள். அறுநூற்று முப்பத்தெட்டு. இரண்டு கிராம் லாபம் என்று சிரித்தாள். "உங்களுக்கா மிஸ்?" என்று கேட்டாள். "சிநேகிதிக்கு" என்றேன். எப்போது போகிறீர்கள் என்று கேட்டாள். சித்திரை என்றேன். எத்தனை நாள், எத்தனை பேர், எந்தப் பக்கத்தால் ஏறுகிறோம் என்று அவள் கேட்கக் கேட்க நான் ஒன்றும் தடுமாறாமல் சொன்னேன். சொல்லும்போது நீர் வருகிறீர் என்றே எனக்கு இருந்தது. நீர் பெரிய தொப்பியோடு எனக்கு முன்னால் ஏறிப் போகிறீர். வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, அடுத்த நாள் காலை ரயிலில் ஏறினேன். அந்த ராத்திரி நன்றாக நித்திரை கொண்டேன். அதையும் உமக்குச் சொல்லத்தான் வேண்டும்.

வவுனியாவைத் தாண்டியபோது ரெலிபோன் அடித்தது.

"ரீச்சர், எங்கை நிக்கிறீங்கள்?"

"வவுனியா தாண்டிட்டுது, அண்ணை. பின்னேரம் வந்திடுவன்."

"அவ போயிட்டா, ரீச்சர்" என்றார்.

எப்போது என்று கேட்டேன். பத்து மணிக்கு என்றார். பத்து மணிக்கு நான் பையை உறையில் இருந்து எடுத்து மடியில் விரித்து, முன் இருக்கையில் இருந்த ஒரு அம்மாவுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். ரயில் தன்னுடைய வேகத்தில் போனது. கிளிநொச்சியில் நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், ஒருவர் வடை விற்றார். எழும்பி நின்றேன், பிறகு இருந்தேன். ரயிலுக்குள் இருக்கிற ஆள் ரயிலைத் தள்ள முடியாது.

உம்முடைய வீட்டு முற்றத்தில் கதிரைகள் அடுக்கியிருந்தன. உள்ளே ஞானப்பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் பையைக் கையில் பிடித்தபடியே உம்முடைய தலைமாட்டுக்கு வந்துவிட்டேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உம்முடைய சபையைச் சேர்ந்த ஒரு அம்மா என் காதுக்குக் கிட்ட வந்து, "உதென்ன ரீச்சர், பெட்டிக்குள்ளை வைக்கிறதுக்கோ?" என்று மெதுவாகக் கேட்டா. இல்லை என்றேன். கொண்டுபோய்க் கதவுக்குப் பின்னால் வைத்தேன். அடுத்த நாள் அடக்கம் முடிந்து எல்லோரும் போனபிறகு, ஞாபகம் வந்து எடுத்துக்கொண்டு வந்தேன். முன்னூற்று இருபத்திரண்டு கிராமைக் குறைப்பதற்காக நான் உம்மோடு இருக்க வேண்டிய கடைசி இரண்டு நாளையும் கொண்டுபோய்க் கொழும்பில் விட்டுவிட்டு வந்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணையைப் பார்க்கப் போகிறேன். ஆராதனை முடிந்து கோயிலால் வந்து, எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி போட்டு வைத்திருப்பார். உம்முடைய வரைபடங்களை இன்னும் சுவரில் இருந்து கழற்றவில்லை. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு கட்டத்தில் அதைத்தான் சொல்வார்.

"கடைசிவரைக்கும் அவவுக்கு ஒண்டும் தெரியாது, ரீச்சர். சித்திரைக்கு மலைக்குப் போறம் எண்ட நினைப்போடை நிம்மதியாப் போனவ. அது உங்களாலைதான்."

சொல்லிவிட்டுக் கும்பிடுவார். உம்மைவிட வயதில் மூத்த மனுசன், எனக்கு முன்னால் இரண்டு கையையும் கூப்புவார். அந்த நேரத்தில் நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தேத்தண்ணியைப் பார்ப்பேன்.

போன ஞாயிறு அவர் வேறு விதமாகத் தொடங்கினார். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் குடிக்காமல் இருந்தார்.

"உங்களட்டை ஒண்டு கேக்கோணும் எண்டு கனநாளா நினைச்சனான். அவ எப்பவாவது... தன்ரை வருத்தத்தைப் பற்றி உங்களட்டை ஏதும் கேட்டவவோ?"

கோப்பை தட்டில் பட்டுக் கிணுகிணுத்தது. அந்த மனுசனின் முகத்தைப் பார்த்தேன். ஓம் என்று நான் சொன்னால் அவருக்கு என்ன மிஞ்சும்? உமக்குத் தெரிந்திருந்தது, அவருக்காகவே தெரியாத மாதிரி இருந்தீர், கேட்பதற்கு ஒரு ஆளைத் தேடினீர், அந்த ஆளும் உம்மைக் கைவிட்டது. இதையா நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர் மடியில் போடுவது?

"இல்லை, அண்ணை. நாங்கள் பாக்கைப் பற்றித்தான் கதைச்சனாங்கள்."

அவர் மூச்சை விட்டார். "அப்ப சரி" என்று சொல்லி, ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார்.

அவருக்கு நான் இனியும் சொல்லப்போவதில்லை. அவர் கேட்கும் ஒவ்வொரு ஞாயிறும் இதையேதான் சொல்வேன். உமக்குச் சொல்ல வேண்டியது மட்டும் பாக்கி கிடக்கிறது. பிந்திவிட்டது, உமக்குக் கேட்காது, ஒன்றுக்கும் உதவாது, எல்லாம் தெரியும். ஆனாலும் நீர் என்னைத்தான் கேட்டீர். வேறு யாரையும் கேட்கவில்லை.

இல்லை, ரீச்சர். தைக்கு நீர் இருக்கமாட்டீர்.

இதைச் சொல்லிவிட்டு, உம்முடைய கையைப் பிடித்துக்கொண்டு உமக்குப் பக்கத்தில் இருந்து அழ எனக்கு இரண்டு கிழமை இருந்தது.